பிஸ்டல் கைப்பிடியில் தலை தேய்ந்த ஸ்க்ரூ: பட்டறைக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. வருவதில் பாதி மோட்டார் பம்ப் வேலை; மீதி கிரைண்டர் சாமான், திருப்பூர் பனியன் மெஷின் சாமான். மகள் காலேஜில் ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்த பிறகு அவளோடு பழகும் பிள்ளைகளும், பின்னாலேயே அவர்களுடைய அப்பாமார்களும் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சங்கடம்தான். கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை தேய்ந்து, அதன் அறுகோணக் குழியில் விட்டுத் திருப்பும் ஆலன் கீ வழுக்குகிறது. ஆளுக்கு ஆள் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைத்துவிட்டேன். எழுதியதெல்லாம் காற்றில் இயங்கும் பிஸ்டலுக்கு. தோட்டா போடும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கீழே அதற்கென்று உள்ள கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

ஏனுங்கண்ணா, ஆலன் கீயை விட்டுத் திருப்புனா உள்ளயே சுத்துதுங்க. இன்னுங் கொஞ்சம் அழுத்திப் பாக்கட்டுங்களா?

வேண்டாம். கீயை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீ வழுக்கும் ஒவ்வொரு தடவையும் குழியின் மூலையிலிருந்து கொஞ்சம் இரும்பை வழித்துக்கொண்டு வருகிறது. இரண்டு தடவை வழுக்கியதும் நிறுத்தியவரின் ஸ்க்ரூவை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திருகிப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ட்ரில் போட வேண்டி வந்தது. இரண்டு ஸ்க்ரூவும் ஒரே மாதிரி இறுக்கத்தில்தான் இருந்தன.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கெட்டது தலை மட்டும்தான். உள்ளே மரை (ஸ்க்ரூ ஏறும் சுற்றுப் பள்ளம்) பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நமக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தலையைப் பிடித்துத் திருப்ப ஒரு பிடிமானம்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால என்னென்ன பாக்கோணும்?

பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) உள்ளே இருக்கிறதா என்று மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். இருக்காது என்று தெரிந்திருந்தாலும் பாருங்கள். போட்டிக்குப் பயன்படும் பிஸ்டல்களில் குழலுக்கு அடியில் காற்று உருளை இருக்கும். அதில் அடைக்கும் காற்றின் அழுத்தம் 200 பார். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். உருளையைக் கழற்றித் தனியே எடுத்து வைத்துவிட்டு, உள்ளே தங்கிய காற்று போகும்படி பாதுகாப்பான பக்கம் பார்த்து ஒருமுறை விசையை (ட்ரிகரை) இழுத்துவிடுங்கள். சூடு காட்டுகிற வேலை, ட்ரில் வேலை எதையும் உருளை மாட்டியிருக்கும்போது செய்யக் கூடாது. உருளையைக் கழற்றாமல் கொண்டு வந்தால் நான் பையைக்கூடத் திறப்பதில்லை.

பிறகு, சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். மரக் கைப்பிடியை நேராக வைஸில் கடிக்க விடாதீர்கள். பழைய சைக்கிள் டியூபை இரண்டு பக்கமும் வைத்து, கை இறுக்கத்துக்கு மேல் போகாமல் பிடியுங்கள். துணைக்கு ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தலை எதனாலதானுங்க தேயுது? நான் ஒண்ணும் முரட்டுத்தனமாத் திருப்பலையே?

முரட்டுத்தனத்தால் தேய்வது குறைவு. கீ முழு ஆழத்துக்குப் போய் உட்காராததுதான் முதல் காரணம். சுடுகிற பிள்ளைகள் கைப்பிடியைத் தங்கள் கைக்கு ஏற்றபடி அரம் போட்டுத் தேய்ப்பார்கள், பள்ளம் விழுந்த இடத்தில் மரப்புட்டியோ எம்-சீலோ வைத்து அப்புவார்கள். அந்தத் தூளும் புட்டியும் நேராகப் போய் விழுவது கீ போகும் குழியில். மேலே இருந்து பார்த்தால் குழி காலியாகத்தான் தெரியும். உள்ளே பாதி ஆழம் அடைத்திருக்கும். கீ நுனி ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினால் மூலை மழுங்காமல் என்ன செய்யும்?

ஒருத்தர் கொண்டுவந்த பிஸ்டலில் குழிக்குள் மஞ்சளாக ஏதோ கெட்டியாக இருந்தது. தோண்டிப் பார்த்தால் சந்தனம். ஆயுத பூஜைக்கு வீட்டில் அம்மா பிஸ்டலுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அது சரியாக ஸ்க்ரூ தலையில் விழுந்து காய்ந்துவிட்டது. பூஜை போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, என் லேத்துக்கும் போடுகிறேன். ஸ்க்ரூ தலையை விட்டுத் தள்ளி வைத்தால் போதும்.

இரண்டாவது காரணம் அளவுக் குழப்பம். ஐரோப்பியப் பிஸ்டல்கள் மில்லிமீட்டர் அளவு. அமெரிக்கச் சாமானாக இருந்தால் இஞ்சு அளவு. எட்டில் ஒரு இஞ்சு என்பது 3.175 மி.மீ.; அதில் 3 மி.மீ. கீ உள்ளே போகும், ஆடும், இறுக்கமான ஸ்க்ரூவில் வழுக்கும். மூன்றாவது, கீயே தேய்ந்திருப்பது. நுனி உருண்டையாக இருக்கும் ஆலன் கீயும் இதில் சேர்த்தி. சாய்வாக நுழைத்துத் திருப்புவதற்காகச் செய்தது அது. தளர்ந்த ஸ்க்ரூவை மளமளவென்று சுற்றி எடுக்க வசதி, இறுகிய ஸ்க்ரூவை முதல் திருப்பு திருப்ப ஆகாது.

ஸ்டார் ஸ்க்ரூவா இருந்தாலும் இதே கதைதானுங்களா?

ஸ்டார் என்று நாம் சொல்வது பிலிப்ஸ் தலையை. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை வாங்கிய வடிவம். அதன் பள்ளத்துச் சுவர்கள் சாய்வானவை. திருப்பும் பலம் கூடினால் பிட்டு (ஸ்க்ரூ டிரைவரின் முனை) தானாக மேலே ஏறி வெளியே வந்துவிடும். அதனால் பிலிப்ஸ் தலையில் திருப்புகிற பலத்தைவிட அழுத்துகிற பலம் அதிகமாக இருக்க வேண்டும். பையன்களுக்கு நான் சொல்லும் கணக்கு, பத்தில் ஏழு பங்கு அழுத்து, மூன்று பங்கு திருப்பு. பிட்டு அளவும் பாருங்கள். 2-ஆம் நம்பர் பிட்டு போட வேண்டிய தலையில் 1-ஆம் நம்பரை விட்டுத் திருகி வீணாக்கியதுதான் நான் பார்த்ததில் அதிகம்.

சரிங்க, வீட்டுலயே முதல்ல என்ன செஞ்சு பாக்கலாம்?

சுத்தம் செய்யுங்கள். கோணி ஊசி அல்லது பல்டாக்டர் தூக்கி எறிந்த கொக்கி ஊசி போதும். குழியின் ஆறு மூலையையும் சுரண்டி, ஊதி வெளியேற்றுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் இரும்பு மின்ன வேண்டும்.

அடுத்தது புதுக் கீ. பத்துக் கீ சேர்ந்து கொத்தாக விற்பதை வாங்காமல், நல்ல கம்பெனிக் கீ ஒன்றே ஒன்று அந்த அளவில் வாங்குங்கள். வாங்கிய கீயின் நுனியும் லேசாக உருண்டிருந்தால் கிரைண்டிங் கல்லில் இரண்டு மில்லிமீட்டர் நேராகத் தேய்த்துவிடுங்கள், மூலைகள் கத்தி போல வந்துவிடும். தேய்க்கும்போது நீலம் பாய விடாதீர்கள், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்க வேண்டும். பழைய கீயின் நுனியையும் இப்படி வெட்டிப் புதுசாக்கலாம் என்பது பல பேருக்குத் தோன்றுவதே இல்லை.

கீயைக் குழியில் வைத்துச் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கீ அடிவரை போய் உட்காரும், அந்த அதிர்வில் மரையில் பிடித்திருக்கும் துருவோ பசையோ கொஞ்சம் விடும். பிறகு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி திருப்பிவிட்டு, அதன்பின் கழற்றும் பக்கம். இறுக்குகிற பக்கத்து முகம் தேயாமல் இருப்பதால் அங்கே கீ பிடிக்கும். ஸ்க்ரூ நூலளவு அசைந்தால்கூடப் பிடி விட்டுப்போகும்.

இதற்கும் வழுக்கினால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் ஒரு மிளகு அளவு. மெக்கானிக் கடையில் கேட்டால் தருவார்கள். அதில் இருக்கும் கார்போரண்டம் தூள் கீக்கும் குழிக்கும் நடுவே கடித்துக்கொள்ளும். பாதி தேய்ந்த தலைக்கு என் முதல் கைமருந்து இதுதான்.

ரப்பர் பேண்டு வெச்சுத் திருப்புனா வந்துருமாமா, வீடியோவுல காட்டுறாங்க?

மர மேஜையில் புதிதாகப் போட்ட ஸ்டார் ஸ்க்ரூவுக்கு வரும். இரண்டு வருடம் வேர்வை குடித்த ஸ்க்ரூவுக்கு ரப்பர்தான் கிழியும். ஆலன் குழியில் அது கீயை முழு ஆழத்துக்குப் போக விடாது, ஆகையால் கெடுதல்.

எண்ணெய் விட்டு ஊற வெக்கலாமுங்களா? வீட்டுல தேங்காயெண்ணெய்தான் இருக்கு.

காங்கேயத்தில் ஆட்டுகிற எண்ணெய் தலைக்கு நல்லது, தாளிக்க நல்லது. ஸ்க்ரூவுக்கு வேண்டாம். அது மரைக்குள் இறங்குகிற அளவுக்கு நீர்த்ததல்ல. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாள்பட்டால் பிசினாகி, இருக்கிற பிடியை இன்னும் கூட்டும்.

டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதுவும் ஊசி முனையில் தொட்டு வைக்க வேண்டும். ஸ்பிரே குழாயை நுழைத்து அடித்தால் மரக் கைப்பிடி எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும். அப்பி வைத்த புட்டியும் இளகிக் கழன்று வரும். இன்னொன்று: எண்ணெய் விட்ட பிறகு கீ உள்ளே போகும் குழியைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். எண்ணெய் மரைக்குத்தான் வேண்டும், குழிக்கு வேண்டாம். விட்டுவிட்டு ராத்திரி பூரா ஊறட்டும். அஞ்சு நிமிடத்துக்கு ஒருதரம் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு எண்ணெய் உதவாது.

லாக்டைட் போட்டிருந்தா எப்படிங்க தெரியும்?

திருப்பும்போது கொஞ்சமும் அசையாமல் கல்லாக நின்றால் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூ தளராமலிருக்க மரையில் போடும் லாக்டைட் பசைகளில் நீலம் சாதாரணக் கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்பு விடாது, சுமார் 250 டிகிரி சூடு கேட்கும்.

சூடு என்றதும் கேஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடும். சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூவின் குழிக்குள் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் பிடியுங்கள். சூடு ஸ்க்ரூ வழியாகவே மரைக்குப் போகும், மரத்துக்கு அதிகம் போகாது. பிஸ்டலின் உடல் அலுமினியமாக இருந்தால் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள பிடி தளரும். ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடிக்கு இந்த வைத்தியம் கிடையாது, உருகிவிடும்.

அலுமினியத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போட்டு வேர்வையும் சேர்ந்தால் வெள்ளையாகப் பொடி பூக்கும். அது இறுகிக்கொள்வது கிட்டத்தட்டப் பசை மாதிரிதான். எண்ணெயும் சூடும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை செய்தால் விடும்.

ஆறு மூலையும் போய் வட்டமாயிருச்சுங்க. இனி கீயே பிடிக்காதுங்களே?

ஆலன் கீ பிடிக்காது. டார்க்ஸ் பிட்டு பிடிக்கும். டார்க்ஸ் என்பது ஆறு இதழ் பூப்போல இருக்கும் நுனி; மொபைல் கடைக்காரர்களும் பைக் மெக்கானிக்குகளும் வைத்திருப்பார்கள். 3 மி.மீ. ஆலன் குழி மழுங்கியிருந்தால் டி20 பிட்டு, 4 மி.மீ. குழிக்கு டி27, 2.5 மி.மீ. குழிக்கு டி15. குழியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதால் சும்மா போகாது. சுத்தியால் தட்டி இறக்க வேண்டும். இறங்கும்போதே இதழ்கள் தனக்கான பள்ளத்தை வெட்டிக்கொள்ளும். இறங்கிய பிட்டைப் பிடித்துத் திருப்பினால் பத்துக்கு எட்டு கழன்று வந்துவிடுகிறது. பிட்டு ஸ்க்ரூவோடு மாட்டிக்கொண்டு வரும், அதை மறந்துவிடுங்கள்.

தட்டும்போது கவனம் அடியில் இருக்கட்டும். பிஸ்டலின் உடலை மணல் மூட்டை மேலோ மடித்த கோணி மேலோ வையுங்கள். மேஜை விளிம்பில் வைத்துத் தட்டினால் அடி முழுவதும் விசை அமைப்பின் நுண்ணிய பாகங்களுக்குப் போகும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசை இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. அந்த 500 கிராமுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங்கையும் திருகையும் அசைத்துவிட்டால் பிறகு பிள்ளை என்னைத்தான் திட்டும்.

சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைக் கொண்டு வந்து காட்டுவார்கள். புல்லட் வண்டி என்ஜின் கவருக்கு அது தெய்வம். வால்நட் மரக் கைப்பிடியில் அடித்தால் மரம் பிளந்து இரண்டாகும்.

எதுக்கும் மசியலைங்க. ட்ரில் போடறதுதான் வழின்னா எப்படிப் போடறது?

இதை ஆற அமரச் சொல்ல வேண்டும், பிஸ்டல் கைப்பிடியில் நடக்கும் நாசத்தில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது.

ஸ்க்ரூ முழுவதையும் ட்ரில் போட்டுக் கரைப்பது நம் நோக்கம் கிடையாது. தலையை மட்டும் தண்டிலிருந்து பிரித்தால் போதும். தலை பிரிந்ததும் கைப்பிடி தானாக உருவிக்கொண்டு வந்துவிடும். உடலில் ஸ்க்ரூவின் தண்டு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதுவரை அதை இறுக்கிக்கொண்டிருந்தது தலையின் அழுத்தம். தலை போனதும் இழுவை போய்விடுகிறது. கிரிப் பிளேயரால் பிடித்துத் திருப்பினால் பல நேரம் விரலாலேயே வரும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு, இதற்கா இத்தனை பாடு என்று இருக்கும்.

ஆனால் போட்டிப் பிஸ்டலில் ஸ்க்ரூ தலை கைப்பிடியின் அடியில் ஆழமான துளைக்குள் உட்கார்ந்திருக்கும். கை ட்ரில்லை அந்தத் துளையில் விட்டால் பிட்டு ஆலன் குழியின் ஓரத்தில் சறுக்கி மரத்துக்குள் பாயும். இதற்கு லேத் வைத்திருப்பவன் என்கிற முறையில் நான் செய்வது, ஒரு பித்தளை புஷ் (நடுவில் துளையுள்ள குட்டைக் குழாய்). எம்4 (தண்டு 4 மி.மீ.) ஆலன் ஸ்க்ரூவின் தலை 7 மி.மீ. விட்டம், அது உட்கார்ந்திருக்கும் துளை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்தத் துளையை அளந்து, ஆடாமல் நுழைகிற மாதிரி வெளி விட்டம் கடைந்து, நடுவில் சரியாக மையத்தில் 3.3 மி.மீ. துளை போட்டுக்கொள்கிறேன். புஷ்ஷைக் கைப்பிடித் துளையில் இறக்கி, ட்ரில் பிட்டை அதன் வழியாக விட்டால் பிட்டு மையத்தை விட்டு நகர வழியே இல்லை. மரத்துக்கும் பித்தளை கவசம். முதல் பிட்டு ஒரு சின்னப் பள்ளம் போட்டதும், 4.2 மி.மீ. துளையுள்ள இரண்டாவது புஷ். தண்டு 4 மி.மீ. என்பதால் 4.2 பிட்டு தலையின் ஆழத்தைக் கடந்ததும் தலை வாஷர் மாதிரிக் கழன்று பிட்டில் சுற்றும். அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரிய, பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்4 ஆலன் தலையின் உயரம் 4 மி.மீ., எம்5-க்கு 5. எம்5-ஆக இருந்தால் தலை 8.5 மி.மீ., பிட்டு 5.2.

வேகம் குறைவாக, அழுத்தம் விடாமல். கறுப்பு நிற ஆலன் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 12.9 என்கிற வலிமைத் தரம், கடினமானவை, சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்டு முனை மழுங்கும், கோபால்ட் பிட்டு வாங்குங்கள். எஸ்.எஸ். ஸ்க்ரூவானால் எதிர்மாறான தொல்லை. பிட்டு வெட்டாமல் மேலே தேய்ந்துகொண்டே சுற்றினால் அந்த இடம் கெட்டியாகி, அப்புறம் எதுவும் ஏறாது. ஒரு சொட்டு கட்டிங் ஆயில் வைத்து, சுருள் சுருளாகத் துகள் வரும் அழுத்தத்தில் போடுங்கள். இடக்கைச் சுற்றாக வெட்டும் பிட்டு கிடைத்தால் அதைப் போட்டு ட்ரில்லைத் திருப்பி ஓட்டுங்கள். பாதி வேலையிலேயே ஸ்க்ரூ தானாகக் கழன்று வந்ததும் உண்டு.

துகளைக் கிட்டத்தில் காந்தம் வைத்தோ கவிழ்த்துப் பிடித்தோ எடுங்கள், எஸ்.எஸ். துகளைக் காந்தம் பிடிக்காது. காற்றடித்தால் நேராக விசைக்குள் போகும்.

ஈஸி அவுட்னு ஒண்ணு விக்குதுங்களே, அது எதுக்கு?

ஸ்க்ரூவின் நடுவில் துளை போட்டு, அதில் இடப்பக்கம் சுற்றும் கூம்பை இறக்கித் திருப்பும் சாமான். எம்8, எம்10 போல்ட்டுக்கு நல்ல உபாயம். எம்5-க்குக் கீழே தொடாதீர்கள் என்பது என் கட்சி. அந்த மெல்லிய கூம்பு கெட்டியானது, அதனாலேயே கண்ணாடி மாதிரி முறியும். உள்ளே முறிந்துவிட்டால் அதில் எந்த ட்ரில் பிட்டும் ஏறாது.

புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பம்ப் பாகத்தில் எம்4 ஸ்க்ரூ எடுக்கிறேன் என்று ஈஸி அவுட்டை முறித்தேன். அதை எடுக்க ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கும் டூல் ரூமுக்குப் போய், மின்பொறியால் அரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வாங்கிய கூலி நான் அந்த வேலைக்குப் பேசிய கூலியைப் போல மூன்று மடங்கு. வாடிக்கையாளரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

பையனுக்கு வாங்கிக் குடுத்த சல்லிசான பிளாஸ்டிக் பிஸ்டலுங்க. கைப்பிடி ஓட்டுல ஸ்டார் ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு, வெளிய வரமாட்டேங்குது.

அதில் தலை நன்றாகத்தான் இருக்கும், பிளாஸ்டிக்கில் மரை போயிருக்கும். மரையே வெட்டாத பிளாஸ்டிக் தூணில் நேரடியாக ஏற்றும் ஸ்க்ரூ அது. மெல்லிய கத்தி முனையை ஓட்டின் இடுக்கில் நுழைத்து லேசாக நெம்பிக்கொண்டே திருப்புங்கள், மேலே ஏறிவிடும். திரும்ப மாட்டும்போது, முதலில் கழற்றும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து இறுக்கினால் பழைய மரையிலேயே ஏறும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மிக்ஸி, ரிமோட், பொம்மை எல்லாமே நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டு பக்க ஓட்டையும் ஒரே ஸ்க்ரூ ஊடுருவிப் பிடிக்கும் மாடல்களில் எதிர்ப்பக்கம் ஒரு பித்தளை நட்டு பதித்திருக்கும். பசை விட்டால் நட்டும் சேர்ந்து சுற்றும். எதிர்ப்பக்கம் விரலால் அழுத்திக்கொண்டு, இரண்டு ஓட்டுக்கும் நடுவே கொஞ்சம் இழுவை கொடுத்துத் திருப்பினால் போதும்.

எங்க தாத்தா காலத்து லைசென்ஸ் ரிவால்வருங்க. கைப்பிடி ஸ்க்ரூ மட்டுந்தானுங்களே, நீங்களே பாத்துக் குடுத்தர்றீங்களா?

கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். என்னிடம் இருப்பது லேத் பட்டறை. "ஸ்க்ரூதானே" என்று உள்ளே எடுத்து வைத்தால், லைசென்ஸ்காரர் இல்லாத இடத்தில் அவருடைய துப்பாக்கி இருக்கிறது என்கிற இன்னொரு வம்பும் சேரும். உங்கள் லைசென்ஸ் புத்தகத்தோடு, பழுது பார்க்கும் உரிமம் உள்ள ஆயுதக் கடைக்கே எடுத்துப் போங்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளில் லைசென்ஸ் விலக்கு இருப்பதால்தான் அதை நான் தொடுகிறேன்.

நீங்களே திருப்பிப் பார்க்கவும் வேண்டாம் என்பதற்கு வேலை சார்ந்த காரணமும் உண்டு. பழைய '1911' என்கிற மாடல் பிஸ்டலில் கைப்பிடி ஸ்க்ரூ நேராக உடலில் ஏறுவதில்லை. உடலில் ஏற்றிய ஒரு சின்னப் புஷ்ஷுக்குள் ஏறுகிறது. ஸ்க்ரூ இறுகிவிட்டால் ஸ்க்ரூவுக்குப் பதில் புஷ் கழன்று வரும், உடலில் உள்ள மிக நுண்ணிய மரை நாசமாகும். அந்த மரைகள் நம் ஊர் மெட்ரிக் டேப்பில் (மரை வெட்டும் கருவி) அடங்காதவை.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் உறைக்குள் கிடக்கும். கொடுப்பதற்கு முன் வேர்வையைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

உள்ள மரையும் போயிருச்சுன்னா பிஸ்டலையே தூக்கிப் போடறதுதானுங்களா?

இல்லை. முதலில் அதே அளவு டேப்பை விரலால் விட்டு மரையைச் சுத்தம் செய்து பார்க்கிறேன், எம்4-க்கு 0.7 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), எம்5-க்கு 0.8. கடைசி இரண்டு மூன்று சுற்று மட்டும் நசுங்கியிருந்தால் அதிலேயே சரியாகிவிடும். நிஜமாகவே போயிருந்தால் ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் மரை இருக்கிறது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கான டேப் அடித்து, சுருளை ஏற்றினால் பழைய அளவு ஸ்க்ரூவே போடலாம். அலுமினியத்தில் அது முதல் மரையைவிட உறுதியாக நிற்கும். எம்சீல் வைத்து அடைத்து அதிலேயே ஸ்க்ரூவை ஏற்றுகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

புது ஸ்க்ரூ எது வாங்கறது? எவ்வளவு இறுக்கறது?

பழைய ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், துண்டுகளாக இருந்தாலும் சரி. விட்டமும் மரையும் பொருந்தினால் போதாது, நீளம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் நுனி உள்ளே எங்கேயாவது முட்டும். இறுகிவிட்டது என்று கை சொல்லும், கைப்பிடி ஆடும். தலை வடிவத்தையும் மாற்றாதீர்கள். உயரமான ஆலன் தலை இருந்த இடத்தில் அரை உருண்டைத் தலையைப் போட்டால் எம்4-க்கு கீ 3-லிருந்து 2.5 மி.மீ.-ஆக இறங்கிவிடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தேயும்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்று எல்லோரும் அதையே கேட்கிறார்கள். நான் கறுப்பு 12.9-ஐத்தான் சொல்வேன். தலை கெட்டியாக இருப்பதால் குழி சீக்கிரம் மழுங்காது. துருவுக்கு மரையில் ஒரு துளி கிரீஸ் தொட்டு ஏற்றினால் ஆயிற்று. அடிக்கடி தளர்கிறது என்றால் ஊதா நிற லாக்டைட், சின்ன ஸ்க்ரூக்களுக்கென்றே செய்தது. சிவப்பு வேண்டவே வேண்டாம்.

இறுக்குவது ஆலன் கீயின் நீளப் பக்கத்தைத் துளையில் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து. அதற்கு மேல் பலம் தேவையில்லை. மரம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் அளவு மாறும் பொருள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் இருந்த இறுக்கம் சித்திரை வெயிலில் இருக்காது. தளர்ந்தால் கால் சுற்றுக் கூட்டுங்கள். "இனி ஆடவே கூடாது" என்று வருடத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக இறுக்கியவர்கள்தான் மறுபடி என்னிடம் வருகிறார்கள். வேர்வை அதிகம் உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சும்மாவாவது கழற்றித் துடைத்து மாட்டிவிடுங்கள்.

கூலி எவ்வளவுங்கண்ணா ஆகும்?

கீ தேய்த்து, பேஸ்ட் வைத்துக் கழன்றால் டீக்காசு. டார்க்ஸ் பிட்டு உள்ளே போனால் பிட்டின் விலை. புஷ் கடைய வேண்டி வந்தால் அரை மணி நேரம் லேத் கூலி. எம்4, எம்5 இரண்டுக்கும் கடைந்த புஷ்களை இப்போது டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அதனால் பாதிக்குப் பாதி குறையும். வரும்போது உருளையைக் கழற்றிவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.